கார்டு தம்பியுடையது, போன் அக்காவுக்கு

கிரெடிட் கார்டு பாக்கிக்காக அம்மாவுக்கும் மாமனாருக்கும் வேலை பார்க்கும் இடத்து முதலாளிக்கும் போன் வருகிறதென்றால், அது தவறிப்போய் வருவதல்ல. கார்டுக் கடனுக்கு அடமானம் கிடையாது. நகைக்கடன் என்றால் நகை வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. வீட்டுக்கடன் என்றால் பத்திரம் இருக்கிறது. வண்டிக் கடனுக்கு ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் ஏறியிருக்கிறது. கார்டில் இப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கட்டவில்லை என்றால் வங்கி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அறுபதாயிரம், எண்பதாயிரம் பாக்கிக்கு வழக்குச் செலவு கட்டுபடியாகாது. ஆகவே கணக்கை வசூல் ஏஜென்சியிடம் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஏஜென்சிக்கு வருமானம், வசூலான தொகையில் கமிஷன். வாங்காத அடமானத்துக்குப் பதிலாக அவர்கள் கையில் எடுப்பது குடும்பத்தின் மானத்தை.

இந்த வேலையில் இருப்பவர்கள் பேச்சில் ‘பக்கெட்’ என்ற சொல் அடிக்கடி வரும். தவணை தவறி முப்பது நாள் வரை ஒரு பக்கெட், அறுபது வரை அடுத்தது, தொண்ணூறு வரை அதற்கடுத்தது. தொண்ணூறு நாள் தாண்டினால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். பக்கெட் ஏற ஏறக் கமிஷன் கூடும், பேசும் குரலும் மாறும். உறவினர்களுக்குப் போன் வரத் தொடங்குவது பெரும்பாலும் கார்டுக்காரர் போனை எடுக்காமல் விட்ட பிறகு, அல்லது எண்ணை மாற்றிய பிறகு.

உங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று பலர் திகைக்கிறார்கள். கார்டு விண்ணப்பத்தில் ‘ரெஃபரன்ஸ்’ என்று ஒன்றிரண்டு பேரின் பெயரும் எண்ணும் கேட்டிருப்பார்கள். மாற்று எண் என்ற கட்டத்தில் கார்டுக்காரர் மனைவியின் எண்ணோ அண்ணனின் எண்ணோ எழுதியிருப்பார். பழைய முகவரிக்குப் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்தும், முகநூலில் தேடியும் மற்ற எண்களைப் பிடிக்கிறார்கள். எப்படிக் கிடைத்திருந்தாலும் சரி, எண் கையில் இருப்பதாலேயே உங்களிடம் பணம் கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடாது.

நீங்கள் கட்ட வேண்டுமா?

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மனதில் இது தெளிவாக இல்லாதவர்கள்தான் போனில் தடுமாறுகிறார்கள்.

ரெஃபரன்ஸ் என்பவர் ஜாமீன்தாரர் அல்ல. கார்டுக்காரரைத் தெரியும் என்று சொல்ல ஒரு பெயர், அவ்வளவுதான். தனிநபருக்குத் தரும் சாதாரண கார்டுக்கு ஜாமீன்தாரரே கேட்பதில்லை. கணவன் வாங்கிய கார்டுக்கு மனைவி பொறுப்பில்லை, மகன் வாங்கியதற்குத் தாய் தகப்பன் பொறுப்பில்லை. ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருப்பதும் ஒரே வீட்டில் குடியிருப்பதும் கடனை உங்கள் மேல் ஏற்றாது. ‘ஆட்-ஆன்’ கார்டு வைத்திருந்தவருக்கு மட்டும் சற்றுச் சந்தேகம் வரலாம். அங்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி பாக்கிக்குப் பொறுப்பு முதன்மைக் கார்டுக்காரருடையது.

அப்பன் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பழைய இந்துச் சட்டத்திலும் அப்படியொரு கடமை இருந்தது. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தக் கடமையை மட்டுமே காரணம் காட்டி மகன் மீதோ பேரன் மீதோ நடவடிக்கை எடுக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். 2005 செப்டம்பர் 9க்குப் பின் வாங்கிய எல்லாக் கடனுக்கும் இது பொருந்தும். கார்டுக்காரர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வங்கி கேட்கலாம். அந்தச் சொத்து உங்கள் கைக்கு வந்திருந்தால், வந்த அளவுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சம்பளத்திலும், நீங்கள் சம்பாதித்த வீட்டிலும், மனைவியின் சீதன நகையிலும் கை வைக்க முடியாது. இறந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே போன் வருவதுண்டு. இறப்புச் சான்றிதழின் நகலை வங்கிக்கு எழுத்தில் அனுப்புங்கள். கார்டோடு காப்பீடு ஏதும் இருந்ததா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

இவ்வளவு பாதுகாப்பும் உங்கள் ஒரு சொல்லில் கரைந்துவிடலாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, உத்தரவாதம் எழுத்திலும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம் என்கிறது. ஏஜென்சியின் அழைப்புகள் பதிவாகின்றன. “சரிங்க, நான் பார்த்து கட்டிடறேன்” என்று தொல்லை தாங்காமல் சொன்ன வாக்கியத்தை வைத்தே மறுநாள் உங்களை மிரட்டுவார்கள். அதைவிட ஆபத்தானது காசோலை. “செக்யூரிட்டிக்கு ஒரு செக் குடுங்கப்பா, போடமாட்டோம்” என்று வயதானவர்களிடம் கேட்கிறார்கள். மகன் கடனுக்காகத் தந்தை தன் கணக்கிலிருந்து காசோலை கொடுத்து, அது பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் தந்தை மேலேயே கிரிமினல் வழக்கு வரும். கடன் யாருடையது என்று அந்த வழக்கில் சொல்லித் தப்புவது கடினம். காசோலை, வெற்றுத்தாளில் கையெழுத்து, ஆதார் நகல், ஓடிபி எதையும் கொடுக்காதீர்கள்.

முதல் போன்

முதல் அழைப்பில் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது அழைப்பு வருகிறது. அழுதவருக்கும் கெஞ்சியவருக்கும் திரும்பத் திரும்ப வரும். கெட்ட வார்த்தை பேசியவருக்கும் வரும், ஏனென்றால் அவரும் பேச்சில் சிக்கிவிட்டார். குறைவாகப் பேசி வைத்துவிடுபவரிடம் கமிஷன் பெயராது. தம்பியின் கார்டுக்காக அக்காவுக்கு வரும் ஒரு போன் ஏறக்குறைய இப்படி இருக்கும். அக்காவின் பதில்களைக் கவனியுங்கள்.

“மேடம், அவரு உங்க தம்பிதானே?”

“நீங்க யாரு பேசறது?”

“பேங்க்லேருந்து. உங்க தம்பி ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பாக்கி வெச்சிருக்கார். போனை எடுக்கமாட்டேங்கறார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு அஞ்சாயிரமாவது போட்டுவிடுங்க. இல்லேன்னா ஆளுங்க வீட்டுக்கு வருவாங்க.”

“உங்க பேரு, ஏஜென்சி பேரு, எந்த பேங்க்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“அதெல்லாம் எதுக்கு மேடம்? கூடப்பிறந்தவங்களுக்கு ஒரு பொறுப்பு வேணாமா?”

“நான் கார்டு வாங்கலை, ஜாமீனும் போடலை. தம்பிகிட்டயே பேசுங்க. இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க. கூப்பிட்டா பேங்குக்கு எழுத்துல புகார் போகும். வெச்சுடறேன்.”

தம்பி எங்கே வேலை பார்க்கிறான், புது எண் என்ன, வீட்டு வாடகை யார் கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் அக்கா சொல்லவில்லை. “அவன் துபாய் போயிட்டான்”, “எங்களுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை” என்று பொய்யும் சொல்லவில்லை. பொய் சொன்னால் அதை உடைக்கவே அடுத்த போன் வரும். பாக்கி எவ்வளவு, எதற்காக வாங்கினான் என்று விசாரிக்கவும் இல்லை. கேட்கத் தோன்றும், ஆனால் கேட்டால் உரையாடல் நீளும். அந்தக் கேள்விகளைத் தம்பியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எண்ணை உடனே பிளாக் செய்துவிடுவது பலரின் வழக்கம். அவசரப்படாதீர்கள். வேறு வேறு எண்ணிலிருந்து வரும், சாட்சியம் மட்டும் உங்கள் கையை விட்டுப் போகும். ஒரு நோட்டில் தேதி, நேரம், எண், சொன்ன பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதி வையுங்கள். வார்த்தையை அப்படியே எழுதுங்கள். ‘அசிங்கமாகப் பேசினார்’ என்று எழுதினால் பின்னால் யாருக்கும் எதுவும் புரியாது. அழைப்புப் பட்டியலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அழைப்பைப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவு இருக்கும் போனை விற்றுவிடாதீர்கள், எக்ஸ்சேஞ்சிலும் கொடுத்துவிடாதீர்கள். மின்னணு சாட்சியத்துக்கு நீதிமன்றம் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்கும், அப்போது அந்தக் கருவி தேவைப்படும்.

விதி என்ன சொல்கிறது

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கிரெடிட் கார்டுகளுக்கென்று விரிவான நெறிமுறை வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி வசூல் ஏஜென்ட்கள் குறித்துத் தனிச் சுற்றறிக்கையும் வந்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. ஓயாமல் கூப்பிடக் கூடாது. பெயர் சொல்லாத போன், மிரட்டல், பொய்யான தகவல், கைப்பேசியிலோ சமூக வலைதளத்திலோ தகாத செய்தி எதுவும் கூடாது. கடனாளியைப் பொது இடத்தில் அவமானப்படுத்துவதோ, அவருடைய குடும்பத்தார், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள், நண்பர்கள் ஆகியோரின் தனிவாழ்வில் நுழைவதோ கூடாது. குடும்பத்தாரும் நண்பர்களும் விதியில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். “உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை, நீங்கள் புகார் தர முடியாது” என்று கிளையில் யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

ஏஜென்சிக்குக் கொடுக்கும் விவரத்துக்கும் எல்லை இருக்கிறது. வசூலுக்குத் தேவையில்லாத தனிப்பட்ட தகவலை வங்கி வெளியே விடக் கூடாது. ஏஜென்ட் செய்யும் தவறுக்கு வங்கியே பொறுப்பு. “அது அவுட்சோர்ஸ் செய்தது, எங்களுக்குத் தெரியாது” என்பது ரிசர்வ் வங்கி ஏற்காத பதில். 2007இல் ஐசிஐசிஐ வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வாகனக் கடன் வழக்கில், அடியாட்களை வைத்து வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. சட்டத்தின் வழியாகத்தான் கடனை வசூலிக்க வேண்டும் என்றது. கார்டுக்கும் அதே வழிதான்.

வாசலுக்கு வந்தால்

வீட்டுக்கு வருவதே குற்றமல்ல. கார்டுக்காரரின் முகவரிக்கு, பகலில், அடையாள அட்டையோடும் வங்கியின் அதிகாரக் கடிதத்தோடும் வந்து மரியாதையாகப் பேசலாம். அட்டையையும் கடிதத்தையும் கேளுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் பேச்சை அதோடு முடித்துவிடலாம். உள்ளே அழைக்க வேண்டியதில்லை. தண்ணீர் கேட்டாலும் வாசலில் கொடுங்கள். நுழைந்துவிட்டுப் போகச் சொன்ன பிறகும் போகாமல் உட்கார்ந்தால் அது அத்துமீறல், 100க்கோ 112க்கோ போன் செய்யலாம். பெண்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து வருகிறார்கள் என்றால், கதவின் கிரில்லைப் பூட்டியபடியே பேசி, பக்கத்து வீட்டாரை வாசலுக்குக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டாரைக் கூப்பிடத்தான் எல்லோருக்கும் தயக்கம். விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயத்தில் ஏஜென்ட்டை உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்துச் சத்தமில்லாமல் அனுப்பப் பார்க்கிறார்கள். ஏஜென்ட் நம்பியிருப்பதே அந்தப் பயத்தைத்தான். நம்பத்தக்க ஓரிரண்டு பேரிடம், தெருவிலும் வேலையிடத்திலும், நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். “தம்பி கார்டுல கொஞ்சம் பாக்கி, அதுக்காக யாராவது வந்து கேட்டா எங்ககிட்ட சொல்லுங்க” என்றால் போதும். முதலாளிக்கோ மேலாளருக்கோ ஏஜென்ட்டின் போன் போகும் முன் உங்கள் சொல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஊர்ப்பேச்சாகிவிட்ட பிறகு அதே விஷயத்தை விளக்குவது பல மடங்கு வலிக்கும்.

டிவியையும் வண்டியையும் எடுத்துப்போவோம் என்று மிரட்டினால் நம்பாதீர்கள். வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நிறைவேற்றும் உத்தரவும் வாங்கிய பிறகுதான் ஜப்தி. அதற்கு வருபவர் நீதிமன்ற அமீனா. அப்போதும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றைத் தொடவிடாது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையையும் தொடவிடாது, தாலி அதில் அடங்கும். அந்த ஜப்தியும் கார்டுக்காரரின் பொருளுக்குத்தான். உங்கள் பெயரில் வாங்கிய பொருளுக்கு ரசீது இருந்தால் எடுத்து ஓரிடத்தில் வையுங்கள்.

எந்தக் காகிதத்துக்குப் பயப்பட வேண்டும்

‘அரெஸ்ட் வாரன்ட்’ என்று சிவப்பு எழுத்தில் வாட்ஸ்அப்பில் வருவது போலி. கார்டு பாக்கி சிவில் கடன். கட்ட முடியாமல் போனதற்காகப் போலீஸ் கைது செய்வதில்லை. “ஸ்டேஷன்லேருந்து பேசறேன், எஸ்.ஐ.” என்று பேசுபவரிடம் எந்த ஸ்டேஷன் என்று கேட்டு, வைத்துவிட்டு, அந்த ஸ்டேஷனுக்கு நீங்களே போன் செய்து விசாரியுங்கள். அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம், 204ஆம் பிரிவு.

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. கார்டுக்காரர் அதற்குப் பதில் எழுதுவது நல்லது, குடும்பம் நடுங்க வேண்டியதில்லை. லோக் அதாலத் அழைப்பும் சமரசத்துக்கான அழைப்புதான், அங்கே போகாவிட்டால் கைது என்பது கட்டுக்கதை. ஆனால் அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அலட்சியம் செய்யக் கூடாதவை மூன்று. நீதிமன்ற சம்மன் வந்தால் குறித்த தேதியில் ஆஜராக வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பாகிவிடும். நடுவர் நியமித்திருப்பதாக வரும் நோட்டீஸும் அப்படித்தான். காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் வந்தால், கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்குக்கு வழி திறக்கும். கார்டுக்காரர் வெளியூரில் இருக்கும்போது இவை பெற்றோர் வீட்டுக்கு வரும். பயந்துபோய் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் பயனில்லை. வாங்கி, போட்டோ எடுத்து, அன்றே அவருக்கு அனுப்புங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அங்கே இலவச உதவி உண்டு.

புகார்

போனில் கஸ்டமர் கேரிடம் எத்தனை தடவை முறையிட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எழுத்தில் போக வேண்டும், வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கு. அவருடைய மின்னஞ்சல் வங்கியின் இணையதளத்தில் இருக்கும். கார்டுக்காரர் பெயரில் போகும் கடிதத்துக்கே வலு அதிகம். தமிழிலேயே எழுதலாம்:

“என் கார்டின் கடைசி நான்கு எண்கள் … . இந்தக் கணக்கு தொடர்பாக என் அக்காவின் எண்ணுக்கு … தேதிகளில் … எண்களிலிருந்து வந்த அழைப்புகளின் பட்டியலும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் இணைத்திருக்கிறேன். அவர் ஜாமீன்தாரர் அல்லர். குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதிக்கு இது மாறானது. என் கணக்கு எந்த ஏஜென்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். உறவினர்களின் எண்களை ஏஜென்சியின் பட்டியலிலிருந்து நீக்குங்கள். என்னோடு பேச வேண்டுமானால் இந்த எண்ணில், காலை 10 முதல் மாலை 6 வரை பேசலாம். இந்தப் புகார் முடியும்வரை கணக்கை ஏஜென்சியிடமிருந்து திரும்பப் பெறுங்கள்.”

கடைசிக் கோரிக்கைக்கு அடிப்படை உண்டு. வாடிக்கையாளரின் புகார் நிலுவையில் இருக்கும்போது கணக்கை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்று 2008இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பேச ஒரு எண்ணும் நேரமும் கொடுப்பது அதைவிட முக்கியம். “அவர் கிடைக்கவில்லை, அதனால்தான் வீட்டுக்குப் பேசினோம்” என்ற சமாதானத்தை அது இல்லாமல் ஆக்கிவிடும். ‘பாக்கி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வாக்கியத்தைக் கடிதத்தில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சாதாரணமாகக் கடனுக்கு வழக்குப் போட மூன்றாண்டுக் கெடு. கையெழுத்திட்ட ஒப்புதல் அந்தக் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்.

முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் புகார்த் தளத்திலோ, சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலிலோ அனுப்பலாம். 14448க்குப் பேசினால் தமிழிலும் விளக்கம் கிடைக்கும். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர 2021 திட்டத்தில் இடமிருந்தது. அனுப்பும் நாளில் நடப்பில் உள்ள தொகையையும் காலக்கெடுவையும் அதே எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டுக்காரர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் உறவினரே அவர் சார்பில் புகார் அனுப்பலாம். வக்கீல் வழியாக அனுப்ப முடியாது. வங்கிக்கு முதலில் எழுதியதற்குச் சான்று இல்லாமல் நேராக இங்கே வந்தால் திருப்பிவிடுவார்கள்.

மிரட்டல் வந்துவிட்டால் இந்த முப்பது நாளைக் காத்திருக்க வேண்டாம். உயிருக்கோ மானத்துக்கோ கேடு செய்வேன் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. பயமுறுத்திப் பணம் பறிப்பது 308. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் பேச்சு 79. இதற்கு உறவினரே நேரடியாகப் புகார் கொடுக்கலாம், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் அவர்தான். காவல் நிலையத்தில் “பணம் வாங்கினீங்கல்ல, கட்டிட்டுப் போங்க” என்பார்கள். நான் வாங்கவில்லை, இது மிரட்டல் பற்றிய புகார் என்று நிதானமாகச் சொல்லி மனுவைக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் மனுவைத் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்பலாம். படத்தை மார்ஃபிங் செய்து அனுப்பினால் 1930க்கு அன்றே பேசுங்கள், சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள்.

வீட்டுக்குள்

ஏஜென்ட் உங்களிடம் பேசுவது உங்கள் பணத்துக்காக மட்டுமல்ல. நீங்கள் போனை வைத்ததும் தம்பியைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும், அந்தத் திட்டுத் தாங்காமல் அவன் எங்காவது புரட்டிக் கட்ட வேண்டும். அவர்களுடைய கணக்கு அது. அவன் புரட்டுவது கந்துவட்டியிலோ இன்னொரு ஆன்லைன் கடனிலோதான் இருக்கும். ஆகவே போன் வந்ததை அவனிடம் சொல்லுங்கள், எண்ணையும் நேரத்தையும் கொடுங்கள், குத்திக்காட்டாமல் சொல்லுங்கள். கடனை மறைத்தவர்கள் பெரும்பாலும் வெட்கத்தால் மறைத்தவர்கள். வீட்டில் எல்லோர் முன்பும் நிற்கவைத்துக் கேட்டால் மேலும் மறைவார்கள். கார்டு எத்தனை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு, வேறு யாரிடம் வாங்கியது என்று ஒரு தாளில் எழுத ஒரே ஒருவர் கூட உட்காரட்டும். அவன் மதிக்கும் மாமாவோ அத்தானோ போதும்.

அவன் சாப்பிடாமல், தூங்காமல், போனை அணைத்துவிட்டு ஒதுங்கினால், அல்லது ‘நான் இல்லாமல் போனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது போல் பேசினால், பாக்கியைப் பற்றிய பேச்சை உடனே நிறுத்துங்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டில் 104லும் எந்த நேரமும் பேசலாம். கார்டு பாக்கி எவ்வளவு பெரிதானாலும் ஒரு காகிதக் கணக்கு, அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதை அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

தொல்லை நிற்கட்டும் என்று இரண்டாயிரம், மூவாயிரம் போட்டுவிடுவதை நான் வலுவாக எதிர்க்கிறேன். கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வட்டி 3,500 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 630. ஆக 4,130, தாமதக் கட்டணம் தனி. அக்கா போட்ட மூவாயிரம் அந்த மாத வட்டிக்கே காணாது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டும் அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று ஏஜென்சிக்குத் தெரிந்துவிட்டதுதான் மிச்சம், அடுத்த மாதமும் அவளுக்கே போன் வரும். மனைவியின் வளையலை அடகு வைத்து மினிமம் டியூ கட்டும் வீடுகளில் ஆறு மாதத்தில் நகையும் போகிறது, பாக்கியும் அப்படியே நிற்கிறது. குடும்பம் உதவ நினைத்தால், சேர்த்துவைத்து ஒரே தடவையில் கணக்கை முடிக்க உதவட்டும்.

அந்த முடிப்பைத்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள். ஏஜென்ட் வாயால் சொல்லும் தொகையை நம்பிப் பணம் போடாதீர்கள். வங்கியின் லெட்டர்ஹெட்டில், கார்டு எண், ஒப்புக்கொண்ட தொகை, கட்டவேண்டிய தேதி, அதோடு கணக்கு முடிகிறது என்ற வாசகம் ஆகியவை உள்ள கடிதம் முதலில் கையில் வர வேண்டும், அல்லது வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். பணம் கார்டுக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்குப் போட்ட பணம் கணக்கில் ஏறாமலே போனதாகப் புகார்கள் உண்டு. முடிந்தால் கார்டுக்காரரின் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். உறவினர் பணம் கொடுப்பதானால் முதலில் அவர் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து போகட்டும். கட்டிய பின் பாக்கியில்லாச் சான்று வாங்க வேண்டும்.

தள்ளுபடியில் முடித்தால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், முழுதும் கட்டினால் ‘குளோஸ்டு’. முதலாவது இருந்தால் சில ஆண்டுகளுக்குப் புதுக் கடன் கிடைப்பது கடினம். கட்ட வழியே இல்லாத வீட்டுக்கு அது தாங்கக்கூடிய நஷ்டம் என்றே சொல்வேன். இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள், பழைய நிலையே காட்டினால் சான்றை இணைத்துத் திருத்தக் கேளுங்கள்.

கணக்கு முடிந்த பிறகும் வேறொரு ஏஜென்சியிலிருந்து அக்காவுக்குப் போன் வருவதுண்டு. பழைய பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கும், கடனையே வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருக்கவும் கூடும். அதனால் செட்டில்மென்ட் கடிதம், கட்டிய ரசீது, பாக்கியில்லாச் சான்று மூன்றின் நகலும் தம்பியிடம் மட்டுமல்லாமல் போன் வந்த ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். கூப்பிடுபவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிராமல், சான்றின் தேதியை மட்டும் சொல்லிவிட்டு, அந்த எண்ணைக் குறித்து வங்கிக்கு அதே புகார்க் கடிதத்தை மீண்டும் அனுப்புங்கள்.